பார்க்கப் போகிற கண், மிதிக்கிற கால்

தருமபுரி நகரிலிருந்து கடற்கரைக்கு நேர்க்கோடு போட்டு அளந்தாலும் 150 கிலோமீட்டருக்கு மேல் வரும். எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் என்றால் காவிரி, படகு என்றால் பரிசல். கடலை இருபது வயதுக்கு மேல்தான் முதல்முறை பார்த்தோம் என்று சொல்பவர்கள் பென்னாகரத்திலும் அரூரிலும் இன்னும் இருக்கிறார்கள். அதே ஊர்களின் அடுத்த தலைமுறை பெங்களூருவில் விமானம் ஏறி, சில மணி நேரத்தில் புக்கெட்டிலோ மாலேயிலோ இறங்கி, முகத்தில் கண்ணாடியும் வாயில் குழலுமாகக் கடலில் குப்புற மிதக்கிறது. 2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசாவை விலக்கியது. 2024-இல் அங்கே போன இந்தியர்கள் 20 லட்சத்துக்கும் மேல். மாலத்தீவுக்கு 2023-இல் அதிகம் பேரை அனுப்பிய நாடு இந்தியாதான், 2 லட்சம் பேரைத் தாண்டியது. தேனிலவுக்கும் அலுவலகக் குழுச் சுற்றுலாவுக்கும் விற்கப்படும் தொகுப்புகளில் ‘ஸ்நார்க்கலிங் உண்டு’ என்ற வரி, ‘காலைச் சிற்றுண்டி உண்டு’ என்பதைப் போலச் சாதாரணமாகிவிட்டது.

இப்படிப் போகிறவர்களால் பவளப்பாறை கெடுகிறதா? கெடுகிறது. அதில் விவாதம் ஒன்றும் பாக்கியில்லை. எந்த வழியில் கெடுகிறது, எந்த வழியைச் சட்டம் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

முதல்முறை ஸ்நார்க்கலிங் போகிறவருக்கு நேர்வது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மீசை இருந்தால் கண்ணாடியின் ரப்பர் விளிம்பு தோலோடு சரியாக ஒட்டாது, உப்புநீர் கசியும். மூச்சின் ஈரத்தில் கண்ணாடி மங்கும். குழலை இறுகக் கடித்ததில் தாடை வலிக்கும். சின்ன அலை ஒன்று குழலின் மேல்வாயில் விழுந்தால் தொண்டை வரை உப்பு. பழகியவர் ஒரே மூச்சில் ஊதி வெளியே தள்ளிவிடுவார். பழகாதவருக்கு மூச்சு முட்டும், கால் தானாகத் தரையைத் தேடும். மூன்றடித் தண்ணீரில் அந்தக் காலுக்கு அகப்படும் தரை, அநேகமாகப் பவளம்.

பார்வைக்கு அது கல். ஆனால் கல்லின் மேல்தோல் முழுக்க உயிர். அரிசிமணி அளவோ அதற்கும் சற்றுப் பெரிதோ ஆன உயிரிகள் லட்சக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, தங்கள் அடியில் சுண்ணாம்பைச் சுரந்து அந்தக் கல்லைக் கட்டுகின்றன. அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலைக் கொண்டு பாசி சமைக்கும் உணவில்தான் பவளம் பெரும்பகுதி பிழைக்கிறது, அதன் நிறமும் பாசி தந்ததே. மான்கொம்பு போல் கிளைக்கும் அக்ரோபோரா வகை ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும். உருண்டையாகத் திரளும் போரைட்டஸ் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. ஒரு மீட்டர் உயரமுள்ள உருண்டைக்கு நூறு வயதுகூட இருக்கலாம். அதன் மேல் ஒருவர் ஏறி நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அவர் தீங்கு நினைத்துச் செய்யவில்லை, நிற்கக் கிடைத்த இடத்தில் நின்றார், அவ்வளவே.

இதை எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கரீபியக் கடலின் செயின்ட் லூசியா தீவில் நோலா பார்க்கர், காலம் ராபர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 353 ஆழ்நீச்சல்காரர்களை நீருக்கடியில் பின்தொடர்ந்து கவனித்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ நான்கில் மூவர் ஒரு முறையாவது பாறையைத் தொட்டிருந்தார்கள். கேமரா வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தொட்டார்கள். தண்ணீரில் இறங்குமுன் ‘தொடாதீர்கள்’ என்று சொல்லி அனுப்பியதால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. தண்ணீருக்குள் கூடவே வந்த வழிகாட்டி குறுக்கிட்டுத் தடுத்தபோதுதான் தொடுவது குறைந்தது. கரையில் நடும் அறிவிப்புப் பலகைகளுக்கும் படகில் ஒப்பிக்கும் அறிவுரைகளுக்கும் எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதற்கு இந்த முடிவு ஒரு நல்ல அளவுகோல். இவர்களெல்லாம் பயிற்சி பெற்று ஆழத்துக்குப் போகிறவர்கள். நீச்சலே தெரியாமல் இறங்கும் ஸ்நார்க்கலிங் கூட்டத்தின் கணக்கு இதைவிட நன்றாக இருக்க வழியில்லை. மிதவைச் சட்டை அணியச் செய்வது இங்கே இரட்டைப் பயன் தருகிறது: ஆளும் மூழ்க மாட்டார், காலூன்ற வேண்டிய தேவையும் குறையும்.

காலின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதிவிட முடியாது. அதற்கு நல்ல சாட்சி, இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள ஹிக்கடுவை. மேற்கத்திய நாடோடிப் பயணிகள் அறுபது எழுபதுகளில் கண்டுபிடித்துக் கொண்டாடிய ஊர் அது. கரையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் பவளப்பாறை. 1979-இல் கடல் சரணாலயமாக அறிவித்தார்கள், 1998-இல் இயற்கை ஒதுக்ககமாக உயர்த்தினார்கள், 2002-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஏடுகளில் அதன் தகுதி படிப்படியாக ஏறிய அதே காலத்தில் பாறை படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகுகள், அலை வற்றிய நேரத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாறையின் தலையை உரசிப் போயின. மீன்களை வரவழைக்க ரொட்டித் துண்டு வீசினார்கள். விடுதிகளின் கழிவுநீர் கடலில் கலந்தது. பக்கத்திலேயே மீன்பிடித் துறைமுகம் வந்து மணலோட்டத்தை மாற்றியது. கலங்கிய நீரிலும் கழிவிலும் செழிக்கும் பாசிகள் பவளத்தின் இடத்தைப் பிடித்தன.

1998-இல் வெப்பம் வந்தது. எல் நினோவால் இந்தியப் பெருங்கடல் சூடேற, பவளங்கள் தம்முள் இருந்த பாசியை வெளித்தள்ளி வெளுத்தன. ஹிக்கடுவையில் 47 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 7 சதவீதமாகச் சுருங்கியது என்பது இலங்கைக் கடல் ஆய்வாளர் அர்ஜன் ராஜசூரியாவின் கணக்கு. கற்பிட்டிப் பக்கத்துப் பார் ரீஃப் சரணாலயத்தில் 78 சதவீதம் இருந்தது, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. ஹிக்கடுவை அளவுக்குக் கூட்டம் மிதித்த இடமல்ல பார் ரீஃப், ஆனாலும் தப்பவில்லை. படகுக்காரரையும் பயணியையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கதை அதோடும் முடியவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இதே கரையைத் தாக்கியது. ஹிக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் வந்து, கரையிலிருந்து 50 மீட்டர் வரை புகுந்தது. அங்கிருந்து 3 கிலோமீட்டர் வடக்கே பெரலிய. அங்கே 10 மீட்டர் உயர அலை ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போய், நின்றிருந்த ரயிலைப் புரட்டி 1,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மறு ஆண்டு ஹரிந்திர பெர்னாண்டோ குழுவினர் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள்: பெரலியவில் பவளக்கல்லைச் சுண்ணாம்புக்கும் விற்பனைக்கும் வெட்டி எடுத்துவிட்டார்கள், ஹிக்கடுவையில் சுற்றுலாப் பிழைப்பை நம்பியிருந்தவர்கள் வெட்டவிடவில்லை. கடலடியின் வடிவமும் அலையின் வேகத்தைத் தீர்மானிக்கும் என்பது உண்மை. சுமத்ராவின் ஆச்சே கரையைப் பார்த்த வேறு ஆய்வாளர்கள், அவ்வளவு பெரிய அலைக்கு முன் பாறையால் பெரிதாக ஒன்றும் தடுக்க முடியவில்லை என்றார்கள். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கண்ணாடிப் படகு உரசிக் கெடுத்த பாறை, அந்தப் படகின் வருமானத்தாலேயே கடப்பாரைக்குத் தப்பி நின்றது என்பதை மறுப்பதற்கில்லை. சுற்றுலாவை ஒரேயடியாக வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாததற்கு ஹிக்கடுவை ஒரு காரணம்.

தமிழர்களுக்கு மிகப் பக்கத்தில், தமிழிலேயே பேரம் பேசி ஸ்நார்க்கலிங் போகக்கூடிய அயல்நாட்டுப் பவளப்பாறை திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். மாடப்புறாக்கள் அடையும் பாறைத்தீவு என்பதால் 1963-இல் பறவைகளுக்காகச் சரணாலயமாயிற்று, 2003-இல் தேசியப் பூங்காவாயிற்று. 1998-இன் வெப்பம் கிழக்குக் கரையை மேற்கைப் போல் வாட்டவில்லை. போர் நடந்த ஆண்டுகளில் பயணிகளும் எட்டிப் பார்க்கவில்லை. 2009-இல் போர் முடிந்ததும் தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாகவும் வெளிநாட்டிலிருந்து கூட்டமாகவும் வரத் தொடங்கினார்கள். தீவின் ஒரு பக்கம் பவளம் பார்க்க, இன்னொரு பக்கம் துடுப்புநுனி கறுத்த சிறு சுறாக்களைப் பார்க்க. கரையோரம் மணலுக்குப் பதில் உடைந்த பவளத் துண்டுகளே குவிந்து கிடக்கும், வெறுங்காலில் நடந்தால் குத்தும். அதனால் கடலில் இறங்குகிறவர் செருப்போடு இறங்குகிறார், செருப்பிருக்கும் தைரியத்தில் பாறை மேலும் நடக்கிறார். பூங்காவுக்குப் போகக் கட்டணம் உண்டு, வெளிநாட்டவருக்கு அது பல மடங்கு. பணத்தை எண்ணி வாங்கும் கவனம், தண்ணீரில் ஒரே நேரத்தில் எத்தனை கால்கள் என்று எண்ணுவதில் இல்லை. நான் பார்த்தவரை நிலாவெளிப் படகுக்காரர்களில் பலர் பாறையைப் பற்றி அதிகாரிகளைவிட அக்கறையாகப் பேசுகிறவர்கள். அவர்களுடைய சிக்கல் வேறு. ஒருவர் ‘இன்றைக்குப் போதும்’ என்று நிறுத்தினால் அடுத்தவர் ஏற்றிக்கொண்டு போவார்.

இனி நம் பக்கத்துக் கடல். மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றித்தான் தமிழ்நாட்டின் முக்கியமான பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986-இல் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். இங்கே பவளத்தைக் கெடுத்ததில் சுற்றுலாவுக்குப் பங்கே இல்லை எனலாம். பல பத்தாண்டுகள் மண்டபம் பக்கத்திலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் பவளக்கல்லை வள்ளம் வள்ளமாக வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீட்டுச் சுவருக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். கல்லான பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது 2001-இல்தான். தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2003 முதல் 2005 வரை நீருக்கடியில் இறங்கி அளந்தபோது, 110 சதுர கிலோமீட்டர் பாறைப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே அழிந்திருந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. அலையைத் தாங்கிய கல்லை எடுத்தால் அதன் பின்னால் இருக்கும் மணல்தீவு எத்தனை நாள் நிற்கும்?

இந்தக் கடலில் காலங்காலமாக முகத்தை நீருக்குள் அழுத்திப் பவளத்தைப் பார்த்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். சங்கு குளிக்கும் ஆண்களும் பாசி எடுக்கும் பெண்களும்தான். பாம்பன் அருகே சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து பெண்கள் வள்ளத்தில் போய், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பையோ தகட்டையோ கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குகிறார்கள். பாறையில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்பில் கட்டிய பைக்குள் திணிக்கிறார்கள். அகர் தயாரிக்க அந்தப் பாசி போகிறது. பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு தீவுப் பக்கம் போனால் இவர்கள் அத்துமீறியவர்கள். வள்ளம் பறிமுதல், அபராதம், அலைக்கழிப்பு. பாசி பறிக்கும்போது பவளம் உடைகிறது என்ற வனத்துறையின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. கால் யாருடையதானாலும் பவளம் உடையத்தான் செய்யும். ஆனால் இந்தப் பெண்கள் தாங்களாகவே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியையும் விட்டுவைப்பது என்று முடிவெடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. பவளப்பாறையில் ஓய்வு நாள் வேண்டும் என்பதைச் சட்டம் யோசிப்பதற்கு முன்பே யோசித்து நடத்திக் காட்டியவர்கள் இவர்கள்.

இன்று அதே வளைகுடாவில் வனத்துறையே பயணிகளை அழைத்துப் போகிறது. ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன் வலசையில் கண்ணாடிப் படகு ஓடுகிறது, பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகு போகிறது. குருசடை, கடல் உயிரியல் மாணவர்களுக்குப் பல தலைமுறையாகப் பாடசாலை. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி, வளர்ப்பு மிதவைகளிலிருந்து நழுவி இந்தத் தீவின் பவளத்தைப் போர்த்து மூடத் தொடங்கியது 2008-இல் பதிவானது. அப்படி ஏற்கெனவே அடிபட்ட இடத்துக்குத்தான் பயணிகள் வருகிறார்கள். உள்ளூர்க் குழுக்களுக்கு வருமானம் தரும் இந்தத் திட்டங்களை நான் எதிர்க்கவில்லை. படகு சிறிது, ஆட்கள் குறைவு, யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. ஹிக்கடுவையும் இப்படித்தான் சில படகுகளோடு ஆரம்பித்தது என்ற நினைப்பு மட்டும் வந்து வந்து போகிறது.

கெட்ட பிறகு மூடினால் பாறை திரும்புமா என்பதற்குத் தாய்லாந்தின் மாயா விரிகுடா இடைக்கால விடை. டிகாப்ரியோ நடித்து 2000-இல் வெளியான ‘தி பீச்’ படத்துக்காக அங்கே மணல்மேட்டைச் சமப்படுத்தித் தென்னை நட்டார்கள். அதன் மீதான வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. படம் அழைத்து வந்த கூட்டம் அதைவிடப் பெரிய வழக்கு: ஒரு சின்ன விரிகுடாவில் நாளொன்றுக்கு 5,000 பேர் வரை. பவளத்தில் பெரும்பகுதி செத்தது. 2018 ஜூனில் மூடினார்கள். முதலில் நான்கு மாதம் என்றார்கள், 2022 ஜனவரி வரை நீண்டது. பவளக் கன்றுகளை நட்டார்கள். காணாமல் போயிருந்த சுறாக் குட்டிகள் ஆழம் குறைந்த நீருக்குத் திரும்பின. மறுபடி திறந்தபோது படகுகளுக்கு விரிகுடாவுக்குள் இடமில்லை, தீவின் பின்புறத் துறையில் இறங்கி நடந்து வர வேண்டும். ஒரு நேரத்தில் 375 பேர். நீச்சல் கிடையாது. ஆண்டுக்கு இரண்டு மாதம் முழு விடுமுறை. அந்தமானில் வண்டூர் பூங்காவின் ஜாலி பாய் தீவை ஆண்டின் ஒரு பகுதி மூடிவைத்து, அப்போது ரெட் ஸ்கின் தீவுக்குப் பயணிகளைத் திருப்பும் முறை இதற்கெல்லாம் முன்பே இருக்கிறது. ஞெகிழிப் பையோடு அங்கே படகேற விடமாட்டார்கள். நல்ல முன்மாதிரி நம் நாட்டிலேயே இருந்தும் நாம் தாய்லாந்தைத்தான் மேற்கோள் காட்டுகிறோம், நான் உட்பட.

வெயில்தடுப்புக் களிம்பைப் பற்றி நிறையப் பேச்சு. ஆக்சிபென்சோன் கலந்த களிம்புகளைப் பலாவு 2020-இலும் ஹவாய் 2021-இலும் தடைசெய்தன, தாய்லாந்து தன் கடல் பூங்காக்களில் 2021-இல் தடைசெய்தது. பவளத்தின் உறவான கடல் அனிமோனின் உடலில் அந்த வேதிப்பொருள் வெயில் பட்டதும் நஞ்சாகும் வகையில் மாறுகிறது என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். கூட்டம் நெருக்கும் சிறு விரிகுடாவில் இது பொருட்படுத்த வேண்டியது. ஆனால் களிம்புக் குப்பியை மாற்றியதோடு கடமை முடிந்தது என்று விமானத்தில் திரும்புகிறவருக்கு, உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவுடையது என்ற 2018-ஆம் ஆண்டுக் கணக்கையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஏனென்றால் மிதிக்கிற காலைவிட, கரையில் எழும் விடுதியைவிட, இன்று பெரிய எதிரி வெப்பம். மன்னார் வளைகுடாவில் 2016 கோடைக்கு முன் ஏறத்தாழ 39 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளம் அந்த ஒரே வெளுப்பில் 23 சதவீதத்துக்கு வந்தது. மிதிக்க அங்கே சுற்றுலாக் கூட்டமே இல்லை. லட்சத்தீவில் 1998-இல் 37 சதவீதமாக இருந்தது 2022-இல் 19 சதவீதம் சொச்சம். நான்காவது உலகளாவிய வெளுப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று அமெரிக்கக் கடல் வானிலை நிறுவனமான நோவா 2024 ஏப்ரலில் அறிவித்தது. உலகப் பவளப்பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த வெப்பத்தில் அகப்பட்டது. அப்படியானால் பயணியின் கால் பெரிய விஷயமல்ல என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. சில வாரம் பட்டினியாகக் காத்திருக்கும், நீர் குளிர்ந்தால் பாசி திரும்பிப் பிழைத்துக்கொள்ளும். அந்த வாரங்களில் கலங்கல் இல்லாமல், கழிவு இல்லாமல், உரசல் இல்லாமல் இருந்தால் பிழைக்கும் வாய்ப்புக் கூடுகிறது. வெப்பத்தைக் குறைப்பது நம் மாவட்ட நிர்வாகத்தின் கையிலோ படகுத்துறையின் கையிலோ இல்லை. அந்தச் சில வாரம் படகை நிறுத்துவது இருக்கிறது.

இங்கேதான் எங்கள் மாவட்டத்துக் காவிரி அருவியான ஒகேனக்கல்லைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கர்நாடகத்தில் மழை பெய்து, காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால், யாருடைய பரிந்துரைக்கும் காத்திராமல் ஒகேனக்கல்லில் பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது. சனிக்கிழமையா, ஆடிப்பெருக்கா என்று பார்ப்பதில்லை. பெங்களூருவிலிருந்து வண்டி வைத்து வந்தவர்களும் மீன் வறுவலைத் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். விநாடிக்கு இத்தனை கன அடி என்ற எண் நாளிதழில் வருகிறது, பரிசல் ஓட்டிகள் அதைப் பார்த்தே மறுநாள் பிழைப்பை முடிவு செய்கிறார்கள். நீர் குறைந்தால் தடை விலகும். எண் ஒன்று, அதோடு கட்டிய தடை ஒன்று. இவ்வளவு எளிய ஒழுங்கு நம்மிடம் பல ஆண்டாக நடக்கிறது.

அந்த எண் மனிதர்களுக்காக மட்டும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளத்தில் ஆள் போய்விடக் கூடாது, சரி. நீர் வற்றிய மாதங்களில் ஆயில் மசாஜ் எண்ணெயும் ஷாம்பு உறைகளும் அருவிக்குக் கீழே உள்ள குட்டைகளில் தேங்கும்போது, ஆறு இன்றைக்கு எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்கும் எண் எதுவும் இல்லை. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் 686 சதுர கிலோமீட்டர் காடு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்நாய்க்கும் முதலைக்கும் ஆற்றாமைக்கும் அது வீடு. ஒகேனக்கல்லின் கூட்டத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஓடுவது ஒரே ஆறுதான்.

கடலுக்கு அப்படியொரு எண் ஏற்கெனவே இருக்கிறது. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம், இன்காய்ஸ், செயற்கைக்கோள் வழியே கடல் மேற்பரப்பு வெப்பத்தை அளந்து, மன்னார் வளைகுடா, அந்தமான், லட்சத்தீவு உள்ளிட்ட பகுதிகளுக்குப் பவள வெளுப்பு எச்சரிக்கையை 2011 முதல் வெளியிட்டு வருகிறது. பிலிகுண்டுலு அளவுகோல் போன்றதுதான் இதுவும். அங்கே எண் ஏறினால் பரிசல் கட்டிக் கிடக்கிறது. இங்கே எச்சரிக்கை ஏறினால் கண்ணாடிப் படகும் ஸ்நார்க்கலிங்கும் தானாக நிற்கும்படி ஒரு கட்டு வேண்டும். 2024 வெப்பத்தில் தாய்லாந்து சில பவளத் தலங்களைப் பயணிகளுக்கு மூடிக் காட்டியது, அதனால் செய்ய முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது.

அந்தக் கட்டு வராமல் தடுப்பது இரண்டு. ஒன்று நாள்காட்டி: நம் கடல் கொதிக்கும் ஏப்ரல், மே மாதங்கள்தான் பள்ளி விடுமுறை. நிலாவெளியில் அலை ஓய்ந்து பயணிகள் பெருகும் காலமும் அப்போதே தொடங்குகிறது. இன்னொன்று பணம். உலகில் பவளப்பாறையைச் சார்ந்த சுற்றுலா ஆண்டுக்கு 3,600 கோடி டாலர் பெறும் என்று மார்க் ஸ்பால்டிங் குழுவினர் 2017-இல் மதிப்பிட்டார்கள். பிரதமர் 2024 ஜனவரியில் லட்சத்தீவில் ஸ்நார்க்கலிங் செய்த படங்களை வெளியிட்டதும், அதுவரை வரைபடத்தில் அந்தத் தீவுகளைத் தேடாதவர்களும் தேடினார்கள். அதற்கு ஓராண்டு முன்பே சுஹேலி, கட்மத் தீவுகளில் நீர்மேல் மாளிகைகள் உட்படத் தலா 110 அறைகள் கொண்ட தாஜ் விடுதிகள் அறிவிக்கப்பட்டிருந்தன. அத்தனை முதலீடு இறங்கிய பிறகு, மே மாதத்தில் ஒரு எச்சரிக்கை வந்ததற்காகக் கடலைப் பூட்டச் சொன்னால் யார் கேட்பார்கள்? விதி விடுதிக்கு முன்னால் வர வேண்டும்.

படகுக்காரரின் கூலிக்கும் வழி இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களுக்குத் தமிழ்நாடு அரசு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறது, 2023-இல் அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியது. மீன் முட்டையிட ஓய்வு வேண்டும் என்பதற்கு அரசு ஏற்கெனவே கணக்கெழுதிவிட்டது. பவளம் வெளுக்கும் வாரங்களும் ஏறக்குறைய அதே வாரங்கள்தான், பிச்சைமூப்பன் வலசையின் கண்ணாடிப் படகுகளையும் அதே பட்டியலில் சேர்க்கப் புதிதாக ஒரு துறை தொடங்க வேண்டியதில்லை.